.22 ரிம்ஃபயர் வெடிக்க மறுத்தால்: ஊசியை மாற்றும் முன் காலிக் கூட்டைப் படியுங்கள்

ட்ரிக்கரை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கிறது. தோட்டா வெடிக்கவில்லை. ஒரு பெட்டித் தோட்டாவில் நாலைந்து முறை இப்படி ஆனதும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றே: தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைப் புதிதாக வாங்கி மாட்டுவது. மாட்டிய பிறகும் அதே 'டிக்'. காரணம், .22 துப்பாக்கியில் ஃபயரிங் பின் உண்மையிலேயே தேய்ந்து போவது குறைவு. அது ஓடும் பாதையில் அடைத்த கரி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) வாயில் எழும்பிய பிசிறு, களைத்துப்போன ஸ்பிரிங் ஆகிய மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். எது என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பாக்கியைத் திறக்கவே வேண்டாம். வெடிக்காத தோட்டாவின் விளிம்பில் பதிந்திருக்கும் குழியே சொல்லிவிடும்.

தமிழில் 'பின்' என்றால் குழப்பம் வரும் என்பதால் இனி ஃபயரிங் பின்னை ஊசி என்றே எழுதுகிறோம்.

விளிம்பில் என்ன நடக்கிறது

பெரிய துப்பாக்கித் தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே, அடித்தால் தீப்பற்றும் ப்ரைமர் பொத்தான் ஒன்று தனியாக இருக்கும்; இவை சென்டர்ஃபயர். ரிம்ஃபயரில் அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடியில் வெளியே பிதுங்கி நிற்கும் விளிம்பு உள்ளே வெற்றிடம் உள்ள ஒரு மடிப்பு. தயாரிக்கும்போது ஈரமான ப்ரைமர் கலவையை உள்ளே இட்டு, கூட்டைச் சுழற்றி, அந்த மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். ஊசி வெளியிலிருந்து அடிக்கும்போது விளிம்பின் பின்பக்கத் தகடு முன்பக்கத் தகட்டோடு நசுங்குகிறது. இடையில் சிக்கும் கலவை தீப்பற்றுகிறது.

இந்த ஒரு விவரத்தில்தான் பழுதுபார்ப்பின் மொத்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. ஊசி சுத்தியல் என்றால், சேம்பரின் வாய் விளிம்பு பட்டறைக்கல். சுத்தியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கீழே பட்டறைக்கல் இல்லையென்றால் இரும்பு நசுங்காது. பலரும் சுத்தியலை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அளவுகளையும் மனதில் வையுங்கள். .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் விளிம்பு விட்டம் சுமார் 7 மி.மீ.; விளிம்பின் கனம் அதிகபட்சம் 1.09 மி.மீ., அதாவது 0.043 அங்குலம். ஊசிக்குக் கிடைக்கும் மொத்த வேலையிடமும் இந்த ஒரு மில்லிமீட்டர்தான். அதில் கால் மில்லிமீட்டர் அழுக்கு உட்கார்ந்தாலும் கதை மாறிவிடும்.

கையை வைக்கும் முன்

மேகஸினைக் கழற்றுங்கள். சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டை இழுத்து, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். குழாய் மேகஸின் உள்ள ரைஃபிளில் உள்குழாயை வெளியே எடுத்த பிறகும் தோட்டாவைச் சேம்பருக்கு உயர்த்தும் லிஃப்டரில் ஒரு தோட்டா சிக்கியிருக்கக்கூடும். போல்ட்டை நாலைந்து முறை இயக்கிப் பார்த்துவிடுங்கள். பழுதுபார்க்கும் மேசையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது. சோதனைக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுட்ட காலிக் கூடுகள் மட்டுமே.

சுடும் இடத்தில் தோட்டா வெடிக்காவிட்டால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். உங்கள் துப்பாக்கியின் கையேடு அதற்கு மேல் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ரிம்ஃபயரில் தாமதமாகத் தீப்பற்றுவது நடக்கக்கூடியதுதான். திறந்த போல்ட்டில் கூடு வெடித்தால் பித்தளைச் சில்லு முகத்துக்குத்தான் வரும். கண்ணாடி இல்லாமல் எந்தச் சோதனையும் வேண்டாம். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் நிறுத்திவிட்டுக் குழலுக்குள் ஈயம் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த குழலில் இரண்டாவது தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும்.

வழக்கமான .22 ப்ரைமர் கலவையில் ஈயச் சேர்மம் உண்டு. கழுவும்போது கையில் படியும் கருப்புத் தூள் சாதாரணக் கரி அல்ல. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், மேசையில் சாப்பாடும் தேநீரும் வேண்டாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் உரிமத்தில் உள்ள துப்பாக்கியைச் சுத்தம் செய்வதும் உதிரிபாகம் மாற்றுவதும் வேறு, அடுத்தவருடையதைப் பழுதுபார்ப்பது வேறு. பின்னதற்குப் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழியைப் படிப்பது எப்படி

வெடிக்காத தோட்டாக்களை ஒரு டப்பாவிலும், அதே நாளில் ஒழுங்காக வெடித்த கூடுகளை இன்னொன்றிலும் சேர்த்து வையுங்கள். நல்ல வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். வெடித்த கூடுதான் உங்கள் அளவுகோல். ஆனால் ஒன்று: வெடிக்கும்போது உள்ளிருந்து வரும் அழுத்தம் விளிம்பைப் பின்னால் தள்ளிக் குழியைக் கொஞ்சம் ஆழம் குறைத்துவிடும். ஆகவே வெடிக்காத தோட்டாவின் குழி வெடித்த கூட்டின் குழியைவிட ஆழமாகத் தெரிந்தால் அது இயல்பு. அதைவிட மேலோட்டமாக இருந்தால்தான் கோளாறு துப்பாக்கியில்.

குழி ஆழமாக, தெளிவாக இருந்தும் வெடிக்கவில்லையா? துப்பாக்கியைத் தொடாதீர்கள். அது தோட்டாவின் குறை. சுழற்றும்போது கலவை சில இடங்களில் பரவாமல் போவதுண்டு. ஊசி சரியாக அந்த வெற்று இடத்தில் அடித்திருக்கிறது. அந்தத் தோட்டாவை அரைச் சுற்று திருப்பி மறுபடி சேம்பரில் இட்டுச் சுட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். வேறு நிறுவனத் தோட்டா ஒரு பெட்டி சுட்டுப் பார்த்தால் உறுதியாகும்.

குழி இருக்கிறது, ஆனால் ஆழமில்லை, எல்லாத் தோட்டாவிலும் ஒரே மாதிரி. இது ஊசிக்குப் போதிய வேகம் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். பாதை அடைப்பு, அல்லது ஸ்பிரிங்.

குழியின் ஆழம் தோட்டாவுக்குத் தோட்டா மாறுகிறது, சில நன்றாக, சில தொட்டது போல. இதில் பெரும்பாலும் அழுக்குதான். விளிம்பு உட்காரும் பள்ளத்தில் கரி, அல்லது தோட்டா முழுதாக உள்ளே போகாதது. அப்படிப்பட்ட தோட்டாவில் ஊசியின் முதல் அடி தோட்டாவை முன்னால் தள்ளுவதிலேயே செலவாகிவிடும். திருப்பாமல் அதே இடத்தில் இரண்டாவது முறை அடித்தால் வெடிக்கும். 'இரண்டாவது அடியில் வெடிக்கிறது' என்று யாராவது சொன்னால் ஊசியைப் பார்க்கும் முன் சேம்பரைப் பாருங்கள்.

குழி விளிம்பிலிருந்து விலகி நடுப்பக்கம் நகர்ந்திருக்கிறது, அல்லது விளிம்பின் ஓரத்தை மட்டும் கடித்திருக்கிறது. ஊசி வளைந்திருக்கிறது, அல்லது ஊசிப் பாதை தேய்ந்து ஊசி ஆடுகிறது, அல்லது கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தளர்ந்து கூட்டை ஒருபக்கமாகச் சாய விடுகிறது. கலவை இருப்பது விளிம்பு மடிப்புக்குள் மட்டும். ஊசி நடுப்பக்கம் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பயனில்லை.

குழியின் ஓரத்தில் பித்தளை கிழிந்து, சுற்றிலும் கருப்புப் புகைத்தடம். இது அவசரம். ஊசி முனை கூராகிவிட்டது, அல்லது உடைந்து மேடுபள்ளமாகிவிட்டது. .22 லாங் ரைஃபிளின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு வரை போகும். அந்த வாயு கிழிசல் வழியாகப் பின்னால் வந்தால் நேரே சுடுபவர் முகத்துக்குத்தான். முனையைச் சரிசெய்யும்வரை அந்தத் துப்பாக்கியைச் சுடக்கூடாது.

இவற்றை உயிருள்ள தோட்டா இல்லாமலும் பார்க்கலாம். சுட்ட கூடு ஒன்றை எடுத்துப் பழைய குழி மேலே வராதபடி திருப்பிச் சேம்பரில் வைத்து போல்ட்டை மூடி ட்ரிக்கரை இழுங்கள். ஒரே கூட்டில் நாலைந்து இடம் கிடைக்கும். சுத்தம் செய்வதற்கு முன் ஒரு கூடு, செய்த பிறகு ஒரு கூடு என்று வைத்துக்கொண்டால் வேலை பலித்ததா என்பதில் சந்தேகமே இருக்காது. குழலுக்குள் பென்சிலைப் போட்டு ட்ரிக்கரை இழுத்து அது எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்கும் சோதனை சென்டர்ஃபயர் துப்பாக்கிக்கு உரியது. ரிம்ஃபயர் ஊசி குழலின் நடுவில் வருவதே இல்லை, ஆகவே அதில் எதுவும் தெரியாது.

முதல் மருந்து: சுத்தம்

.22 தோட்டா அழுக்கானது. ஈயக் குண்டின் மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள். அது வெடிமருந்துக் கரியோடும் ஈயத்தூளோடும் கலந்து, சூட்டில் இறுகி, வார்னிஷ் போலப் படியும். குழலைப் பலர் தேவைக்கு மேல் தேய்க்கிறார்கள். கவனிக்க வேண்டிய மூன்று இடங்களை விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, போல்ட் முகத்தில் விளிம்பு உட்காரும் பள்ளம். அதன் மூலையில் கரி அப்பிக்கொண்டு பள்ளத்தின் அடிபோலவே தோற்றமளிக்கும். கரைப்பானில் நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மூங்கில் குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ சுரண்டுங்கள். எஃகு ஊசி, திருப்புளி எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, சேம்பரின் முன்முனை. கூட்டின் வாய் முடியும் இடத்தில் கரி வளையமாகப் படியும். லாங் ரைஃபிள் சேம்பரில் .22 ஷார்ட் தோட்டா நிறையச் சுட்டால் இது மோசமாகும். ஷார்ட் கூட்டின் நீளம் சுமார் 10.7 மி.மீ., லாங் ரைஃபிள் கூடு 15.6 மி.மீ. ஷார்ட் முடியும் இடத்தில் எழும்பிய வளையம் பிறகு லாங் ரைஃபிள் கூட்டை முழுதாக உள்ளே விடாது. சேம்பர் பிரஷ்ஷைக் கரைப்பானில் நனைத்து, முன்னும் பின்னும் இழுக்காமல் வட்டமாகச் சுற்றுங்கள். சுத்தமான சேம்பரில் கூட்டைப் போட்டால் கையின் அழுத்தமே இல்லாமல் விளிம்புவரை இறங்க வேண்டும்.

மூன்றாவது, ஊசி ஓடும் பாதை. பழைய ரைஃபிள்களில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். ஊசி வழுக்க வேண்டும் என்று யாரோ எண்ணெய் விட்டிருப்பார்கள். அந்த எண்ணெய் கரியைப் பிடித்து, வருடக்கணக்கில் கிடந்து, கோந்தாகியிருக்கும். குளிர்காலத்தில் மட்டும் மிஸ்ஃபயர் (தோட்டா வெடிக்காமல் போவது) ஆகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஊசியைக் கழற்றிப் பாதையையும் ஊசியையும் கரைப்பானால் கழுவிக் காய்ந்த துணியால் துடையுங்கள். மாட்டும்போது ஊசியின் உடம்பில் மெல்லிய எண்ணெயைத் தடவி, துடைத்து எடுத்துவிடுங்கள். கண்ணுக்கு எண்ணெய் தெரிந்தால் அது அதிகம்.

ஊசியைக் கழற்றுவது

மாதிரிக்கு மாதிரி வழி வேறு. கையேட்டில் உள்ள விரிபடம் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள். 1964 முதல் வரும் ரூகர் 10/22-ஐ எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம். இது ஒரு செமி ஆட்டோ, அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் ரைஃபிள்.

1. மேகஸின் வெளியே, சேம்பர் காலி. போல்ட்டை ஒருமுறை இழுத்துவிட்டு, ஊசியை அடிக்கும் ஹேமரை ஏற்றி, சேஃப்டி பொத்தானை நடுவில் நிறுத்துங்கள். இல்லையென்றால் பொத்தான் மரக்கட்டையில் இடிக்கும்.
2. பேரல் பேண்ட் இருந்தால் அதன் திருகைத் தளர்த்தி முன்னால் நகர்த்துங்கள். அடியில் உள்ள பெரிய திருகைக் கழற்றி, குழலோடு சேர்த்து ரிசீவரை (போல்ட் ஓடும் உலோகக் கூட்டை) மேலே தூக்குங்கள்.
3. ட்ரிக்கர் தொகுதியைப் பிடித்திருக்கும் இரண்டு குறுக்குப் பின்களைத் தள்ளுங்கள். இவை தளர்வாகவே இருக்கும், சாய்த்தாலே விழுந்து தொலைந்துபோகும். ஒரு தட்டை அடியில் வையுங்கள்.
4. ரிசீவரின் பின்பக்கம் உள்ள தடித்த போல்ட் ஸ்டாப் பின்னைத் தள்ளி எடுங்கள்.
5. ரிசீவரைத் தலைகீழாக வைத்து, போல்ட் கைப்பிடியை முழுதாகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி போல்ட்டின் முன்பக்கத்தைத் தூக்கி வெளியே எடுங்கள்.
6. போல்ட்டில் ஊசியைப் பிடித்திருப்பது ஒரு ரோல் பின். அதன் விட்டத்துக்குப் பொருந்தும் ரோல் பின் பஞ்ச்சால் தட்டி எடுங்கள். ஊசியும் அதன் சிறு ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் வெளியே வரும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோல் பின்னைத் தட்டும்போது போல்ட்டை வைஸில் இறுக்காதீர்கள். பின் விழ ஓட்டையுள்ள மரக்கட்டை போதும். சாதாரண ஆணியால் தட்டினால் ரோல் பின்னின் வாய் மலர்ந்து, ஓட்டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். நாலைந்து முறை கழற்றிய ரோல் பின்னில் பிடிப்பு இருக்காது. புதிதாகப் போடுங்கள்.

போல்ட்டைக் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் ஊசியும், அதை முன்னால் பாயச்செய்யும் ஸ்ட்ரைக்கரும், அதற்கு வேகம் தரும் மெயின் ஸ்பிரிங்கும் போல்ட்டுக்குள்ளேயே இருக்கும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும்போது பின்மூடியைத் திருகிக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு போலவே பாயும். ஸ்ட்ரைக்கரைத் தளர்ந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கழற்றுங்கள். அப்போதும் உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும்; ஒரு துணியால் மூடிக்கொண்டு செய்யுங்கள்.

ஊசியைச் சோதிப்பது

கழுவிய ஊசியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து உருட்டுங்கள், தட்டை ஊசியானால் வைத்து ஒளிக்கு எதிரே பாருங்கள். வளைவு இருந்தால் இடைவெளி தெரியும். முனையை லென்ஸில் பாருங்கள். ரிம்ஃபயர் ஊசியின் முனை உளி போலவோ செவ்வகமாகவோ இருக்கும், சிலவற்றில் உருண்டை. எதுவானாலும் ஓரங்கள் மிக மெல்லியதாக மழுங்கியிருக்க வேண்டும். நகத்தின் மேல் சாய்த்து இழுத்தால் நகத்தைச் சுரண்டக்கூடாது, வழுக்க வேண்டும்.

முனையின் கீழ் ஓரம் காளான் போல மலர்ந்திருந்தால், ஊசி சேம்பர் விளிம்பில் மோதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது சேம்பரையும் உடனே பாருங்கள், அங்கேயும் காயம் இருக்கும். மலர்ந்த ஓரத்தை நுண்ணிய எண்ணெய்க்கல்லில் இரண்டு மூன்று இழுப்பில் எடுத்துவிடலாம். எடுப்பது பிசிறை மட்டும், நீளத்தைக் குறைக்கக்கூடாது.

அடுத்தது முனை வெளியே நீளும் அளவு. ஊசியையும் ரோல் பின்னையும் போல்ட்டில் மாட்டி, வாலைக் கட்டைவிரலால் முழுதாக முன்னால் தள்ளிப் பிடியுங்கள். வெர்னியரின் ஆழம் அளக்கும் கம்பியால், விளிம்புப் பள்ளத்தின் அடியிலிருந்து முனைவரை அளவெடுங்கள். பொதுவாக இது 0.8 முதல் 1.0 மி.மீ.க்குள் இருக்கும். எண்ணைவிடக் காரணம் முக்கியம்: போல்ட் மூடியிருக்கும்போது பள்ளத்தின் அடிக்கும் சேம்பர் வாய்க்கும் இடையே உள்ள இடைவெளியைவிட முனை நீளம் கட்டாயம் குறைவாக இருக்க வேண்டும். அதற்குப் பெயர் ஹெட்ஸ்பேஸ். விளிம்பு உட்காரும் இடம் என்பதால் அது 1.09 மி.மீ.யை ஒட்டியே தொடங்கும். முனை அதைத் தாண்டினால் காலியாக இழுக்கும் ஒவ்வொரு முறையும் எஃகின் மேல் எஃகு மோதும். மிகக் குறைந்தால் மிஸ்ஃபயர். பழைய ரைஃபிளில் போல்ட்டின் பூட்டும் பகுதி தேய்ந்து ஹெட்ஸ்பேஸ் அகன்றுவிட்டால், ஊசி நன்றாக இருந்தும் குழி ஆழமில்லாமல் விழும். நீளமான ஊசி போட்டு அதைச் சமாளிக்கும் வேலை வேண்டாம். அகன்ற இடைவெளியில் விளிம்புக்கு ஆதரவில்லாமல் கூடு வெடித்துப் பிளக்கும். அதைத் துப்பாக்கி மெக்கானிக் கேஜ் வைத்து அளந்து சரிசெய்ய வேண்டும்.

கடைசியாக, ஊசி தானாகப் பின்வாங்குகிறதா? ரிட்டர்ன் ஸ்பிரிங் உள்ள போல்ட்டில் வாலை அழுத்தி விட்டால் முனை 'சட்'டென்று உள்ளே போக வேண்டும். ஸ்பிரிங் இல்லாததில் போல்ட்டை நிமிர்த்தியும் கவிழ்த்தும் அசைத்தால் ஊசி உள்ளே கிலுகிலுவென்று தானாக நகர வேண்டும். இந்தச் சோதனையை யாரும் விடக்கூடாது. முனை வெளியே நீட்டியபடி சிக்கிக்கொண்டால், செமி ஆட்டோவில் போல்ட் பாய்ந்து மூடும்போதே ட்ரிக்கரைத் தொடாமல் தோட்டா வெடிக்கும், அதுவும் சேம்பர் முழுதாக மூடும் முன்பே வெடிக்கக்கூடும்.

உடைந்த ஊசிக்கு மாற்று தயாரிப்பாளரின் உதிரிபாகம்தான். கம்பியை அரத்தால் தேய்த்து ஊசி செய்பவர்கள் உண்டு. கடினப்படுத்தியது அதிகமானால் முனை ஒடியும். குறைந்தால் நூறு அடியில் காளானாகும். அளவு பிசகினால் சேம்பர் போகும். ஊசியின் விலைக்கும் குழலின் விலைக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். தயாரிப்பு நின்றுபோன பழைய மாதிரியானால், அந்த மாதிரிக்கென்றே உதிரிபாகம் செய்பவர்களிடம் வரிசை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே மாதிரியின் பழைய, புதிய வடிவங்களில் ஊசி வேறுபடுவது சகஜம்.

ஸ்பிரிங் விஷயம் சுருக்கமானது. களைத்த மெயின் ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் நிறுத்தினால் குட்டையாக இருக்கும். மாற்றுங்கள். இழுத்து நீட்டிப் போடுவது இரண்டு நாளில் பழைய நிலைக்கே வரும். அடியில் வாஷர் போட்டு இறுக்கினால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி ஸ்ட்ரைக்கர் முழுதாகப் பின்னால் வராது.

சேம்பர் வாயின் பிசிறு

காலியாக ட்ரிக்கரை இழுத்துப் பழகுவது சென்டர்ஃபயரில் பெரிதாகக் கெடுதல் செய்யாது. ரிம்ஃபயரில் விளிம்பு என்ற மெத்தை இல்லாமல் ஊசி நேரே சேம்பர் வாயில் அடித்தால், அங்கே சிறு பள்ளம் விழும், பள்ளத்திலிருந்து ஒதுங்கிய எஃகு சேம்பருக்குள் பிசிறாக நீளும். இரண்டு கெடுதல் ஒரே நேரத்தில்: பிசிறு தோட்டாவை உள்ளே விடாது, காலிக் கூட்டை வெளியே விடாது; பள்ளமோ பட்டறைக்கல்லில் விழுந்த ஓட்டை போல அடியை விழுங்கும்.

கண்டுபிடிப்பது எளிது. காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சேம்பர் வாயின் உள்ளோரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஊசி அடிக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொண்டு நூல் நூலாக நிற்கும். சுட்ட கூட்டிலும் சாட்சி இருக்கும்: ஊசிக் குழிக்கு நேர் கீழே, கூட்டின் பக்கச்சுவரில் பளபளவென்று ஒரு கீறல் நெடுக ஓடும். எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றிய பலருடைய ரைஃபிளில் உண்மையான கோளாறு இந்தப் பிசிறுதான்.

இங்கே அரத்தை எடுக்காதீர்கள். பிசிறை அரைத்து எடுத்தால் பள்ளம் பள்ளமாகவே நிற்கும். அந்த எஃகு திரும்பி வராது, கூட்டுக்கு அந்த இடத்தில் ஆதரவும் வராது. ஒதுங்கிய எஃகை இருந்த இடத்துக்கே திருப்பித் தள்ளுவதுதான் முறை. அதற்கென்று 'சேம்பர் அயர்ன்' என்ற கருவி கிடைக்கிறது: சேம்பரின் அளவுக்குக் கடைந்து கடினப்படுத்திய, முன்பக்கம் சற்றே குறுகலான எஃகுக் கோல், ஒரு பக்கம் தட்டையாக்கியது. அதில் ஒரு துளி எண்ணெய் விட்டு, குறுகிய முனையைப் பிசிறுக்குப் பக்கத்தில் நுழைத்து, மெதுவாகத் திருப்பியபடி உள்ளே தள்ளுங்கள். உருண்ட பகுதி பிசிறை வெளிப்பக்கமாக அழுத்திப் பள்ளத்துக்குள் நிரப்பும். சுத்தியல் தேவையில்லை, கை அழுத்தமும் சிறு கைப்பிடியும் போதும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எடுத்துவிட்டுப் பஞ்சுக்குச்சியால் பாருங்கள். இழை மாட்டாத கணத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகும் கூடு பிடித்தால், சேம்பரைச் சரியான அளவுக்குச் செதுக்கும் ஃபினிஷிங் ரீமரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றும் வேலை மிச்சமிருக்கும். அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. பள்ளம் ஆழமாகி, அயர்ன் போட்டும் நிரம்பவில்லை என்றால் குழலைக் கழற்றி வேறு கோணத்தில் திருப்பி மாட்டுவதோ குழலையே மாற்றுவதோதான் வழி.

ரிவால்வரில் இதே கோளாறு சிலிண்டரின் ஒவ்வொரு அறை வாயிலும் தனித்தனியே வரும். எல்லா அறையிலும் பஞ்சுக்குச்சி விடுங்கள். ஒரு குறிப்பிட்ட அறையில் மட்டும் மிஸ்ஃபயர் என்றால் பிசிறு. எல்லா அறையிலும் என்றால் சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அது முன்னால் ஆடினால் விளிம்பு ஊசியிலிருந்து விலகிப் போகிறது.

சில துப்பாக்கிகள் காலியாக இழுப்பதைத் தாங்கும். ரூகர் 10/22-இல் ஊசி சேம்பர் வாயை எட்டாதபடி அமைத்திருக்கிறார்கள். ரூகர் மார்க் வகைப் பிஸ்டல்களில் ஊசியின் பள்ளம் வழியாகப் போகும் ஸ்டாப் பின் அதை நிறுத்துகிறது. சுத்தம் செய்துவிட்டு அந்தச் சிறு பின்னைத் திரும்பப் போட மறந்தால் பிஸ்டல் வழக்கம் போலவே இயங்கும், ஆனால் காலியாக இழுக்கும் முதல் முறையே ஊசி சேம்பர் வாயை வெட்டும். அத்தனை சிறிய பாகம், அத்தனை பெரிய சேதம். கையேடு அனுமதிக்காத துப்பாக்கியில் பயிற்சிக்கு ட்ரிக்கர் இழுக்க வேண்டுமானால் .22 ஸ்னாப் கேப் (பயிற்சிக்கான போலித் தோட்டா) போடுங்கள், அல்லது சுட்ட கூட்டை ஒவ்வொரு முறையும் திருப்பிவைத்து இழுங்கள். அடிபட்ட இடத்திலேயே திரும்ப அடித்தால் அங்கே மெத்தை மிச்சமிருக்காது.

திரும்ப மாட்டிய பிறகு

முதலில் சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை இழுங்கள், ஹேமர் விழக்கூடாது. சேஃப்டியை விடுவித்தபோதும் விழக்கூடாது. பிறகு, திருப்பிவைத்த காலிக் கூட்டில் அடித்து, வேலைக்கு முன் எடுத்துவைத்த கூட்டோடு குழியை ஒப்பிடுங்கள். குழி விளிம்பின் வெளியோரத்திலிருந்து உள்நோக்கி, ஓரம் கிழியாமல், ஐந்து முறையும் ஒரே ஆழத்தில் விழ வேண்டும்.

சுடும் இடத்தில் செமி ஆட்டோவுக்கு முதல் முறை மேகஸினில் ஒரே ஒரு தோட்டா. அடுத்து இரண்டு. போல்ட் மூடும்போது தானாக வெடிக்கும் கோளாறோ, ஒரு இழுப்பில் இரண்டு வெடிக்கும் கோளாறோ இருந்தால் இரண்டாவது தோட்டாவிலேயே தெரிந்துவிடும். அப்போது மேகஸினில் மேலும் எட்டுத் தோட்டா மிச்சமிருக்காது. அது சரியாக இருந்தால் ஐம்பது தோட்டா சுட்டு, கூடுகளைப் பொறுக்கி, விளிம்பு மேலே தெரியும்படி வரிசையாக நிறுத்தி லென்ஸில் பாருங்கள். ஐம்பதிலும் குழி ஒரே இடத்தில் இருந்தால் துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டி வைக்கலாம்.